உஷார்! உங்கள் ஃபிரேம் கடைக்கு விலை போடுவது யார்?

நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அப்பா படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு நாளைக்குள் வேண்டும் என்று ஒருவர் கடை வாசலில் நிற்கிறார். "எவ்வளவுண்ணே ஆகும்?" கடைக்காரர் போனில் 12, 18 என்று தட்டுகிறார். திரையில் ஒரு தொகை வருகிறது. அதையே சொல்லிவிடுகிறார். அந்தத் தொகை தப்பு என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் ஃபிரேம் கடை வைத்திருப்பவர்களே! விலை போட்டுத் தரும் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மூலையில் போகுது பணம்

12க்கு 18 படத்தின் நான்கு பக்கத்தையும் கூட்டினால் 60 அங்குலம். சில சாஃப்ட்வேர்கள் இதோடு நின்றுவிடலாம். ஆனால் மூலையைச் சாய்த்து வெட்டித்தானே சேர்க்கிறீர்கள்? பட்டறைக் கணக்குப்படி பீடிங் அகலத்தின் 8 மடங்கை மேலே சேர்க்க வேண்டும். 2 அங்குல பீடிங் என்றால் கூட 16. ஆக 76 அங்குலம். உங்கள் பீடிங்கில் ஐந்தில் ஒரு பங்கு பில்லிலேயே ஏறவில்லை!

அதோடு முடியவில்லை. 10 அடி நீளத்தில் 76 போனால் மிச்சம் 44 அங்குலம். அதில் 6க்கு 8 படம் போடலாம் என்றால் அதற்கும் சரியாக 44 வேண்டும். ரம்பம் தின்னும் தூளுக்கு இடமில்லை. 5க்கு 7 தான் வரும். அந்த அளவு கேட்டு ஆள் வரும்வரை துண்டு மூலையில் கிடக்கும். இந்தக் கழிவைச் சேர்க்க இடம் தராத சாஃப்ட்வேர் உங்களுக்கு ஆகாது.

40 சதவீதம் எதன் மேல்?

அடக்கம் 200 ரூபாய். "40 சதவீத லாபம்" என்று பதிகிறீர்கள். அடக்கத்தின் மேல் 40 என்றால் விலை 280. விற்கும் விலையில் 40 என்றால் 333. ஒரே எண்ணுக்கு 53 ரூபாய் வித்தியாசம்! முதலாவது மார்க்கப், இரண்டாவது மார்ஜின். சாஃப்ட்வேர் எதைப் போடுகிறது என்று கேட்டுக்கொள்ளாமல் விட்டால், வருடக் கடைசியில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

வெளிநாட்டுக் கணக்கு

அமெரிக்க ஃபிரேம் கடைகளில் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, 'யுனைடெட் இன்ச்' என்று விலை போடும் வழக்கம் உண்டு. 12க்கு 18-ம் 30, 5க்கு 25-ம் 30. கண்ணாடியோ முதலாவதற்கு 216 சதுர அங்குலம், இரண்டாவதற்கு 125. அந்த ஊர் சாஃப்ட்வேரில் பெருமையாகச் சொல்வதே, லார்சன்-ஜூல் போன்ற பீடிங் கம்பெனிகளின் விலைப்பட்டியல் உள்ளேயே இருக்கிறது என்பதைத்தான். திருச்சியில் பீடிங் எடுக்கிற உங்களுக்கு அதனால் என்ன பயன்?

வரி: இங்கேதான் பெரிய ஆபத்து

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாங்கக் கூடாது. ஆனால் சில சாஃப்ட்வேர் தானாகவே வரியைச் சேர்த்து பில்லை நீட்டலாம். மாட்டுவது நீங்கள்தான். சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு 40 லட்சம், சேவையும் கலந்தால் 20 லட்சம். உங்கள் வேலை எதில் சேரும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், விற்க வந்தவரிடம் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே கிடையாது. டெமோவில் இன்னும் 12 என்று காட்டினால், அது தூசி தட்டாத சாஃப்ட்வேர்.

சாவி யார் கையில்?

பேர் பெற்ற குவிக்புக்ஸையே அதன் கம்பெனி இன்ட்யூட் 2023-ல் இந்தியாவில் நிறுத்திவிட்டது. சின்னக் கம்பெனிக்கு என்ன உத்தரவாதம்? விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் கணக்கையும் எக்செல் ஆக இறக்கிக்கொள்ள முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளில், நெட் இல்லாமல் ஓடுமா என்றும் பாருங்கள்.

"இன்ஸ்டால் பண்ணித் தர்றோம், எனிடெஸ்க் கோடு சொல்லுங்க" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் போனை வையுங்கள். எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்தே உங்கள் போனை இயக்க வைக்கும் ஆப். இந்த வழியில் வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள் என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

வாங்கும் முன் ஒரே சோதனை

பழைய நோட்டை எடுங்கள். கையால் கணக்குப் போட்டு, லாபம் நின்ற மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: அகல பீடிங்கில் ஒன்று, ஒடுங்கிய நீளப் படம் ஒன்று, மவுண்ட் வைத்த திருமணப் படம் ஒன்று. விற்க வந்தவர் முன்னாலேயே மூன்றையும் பதியுங்கள். பீடிங் எத்தனை அடி, கண்ணாடி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று வரி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மட்டும்தான் காட்டும் என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

காரியத்துக்குப் படம் வாங்க வந்தவர் பேரம் பேசினால், எதில் பத்து ரூபாய் குறைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அது போனுக்குத் தெரியாது.