ஒசாகாவில் ஐந்து நாள்: ஒரு சிக்கனப் பயணக் கணக்கு

"எவ்வளவு சார் ஆச்சு?"

2025 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் ஜப்பானில் உள்ள ஒசாகா நகருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, சங்கத்து அன்பர்கள் என்னைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகைப் பூ வாங்கிக் கொண்டிருந்தபோதுகூட ஒருவர் நிறுத்திக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் பத்திரிகையில் எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது. தொகையைக் கடைசியில் சொல்கிறேன். அது எப்படிக் குறைந்தது என்பதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

எங்கள் மகள் ஒசாகாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போய் இரண்டு வருஷம் ஆகியும் ஊருக்கு வரவில்லை. கம்பெனி கொடுத்த அறை ஆறு பாய் விரிக்கும் அளவு. விருந்தாளிகள் பகலில் வரலாம், இரவு தங்கக் கூடாது. ஆகவே மகள் வீட்டில் தங்கிச் செலவை மிச்சம் பிடிக்கும் வழி இல்லை. பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என்னிடம் அப்போது கையில் இருந்தது, முதிர்ந்து வந்த ஒரு டெபாசிட்டின் ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா எடுப்பதில்லை என்று தீர்மானம்.

மைசூருக்கு ஜப்பான் அப்படி ஒன்றும் புதிது அல்ல. பின்னாளில் இங்கே திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யா 1898லேயே ஜப்பானுக்குப் போய் வந்தவர். அந்த உற்சாகத்தில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்ட முதல் திட்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா. எல்லாம் ஐந்தே நாளில்!

என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். "ஏங்க, நாம ஜப்பானைப் பார்க்கப் போறோமா, பொண்ணைப் பார்க்கப் போறோமா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு என் பாட்டியை நினைவூட்டியது. என் அப்பா 1950களில் கும்பகோணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு மைசூருக்கு வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். பாட்டி ஒரே ஒரு முறை மகனைப் பார்க்க வந்தாள். சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று அப்பா அவளை நான்கு நாள் ஓட ஓடச் சுற்றிக் காட்டினார். ரயில் ஏறும்போது அவள் சொன்னாளாம்: "ஊரெல்லாம் பார்த்தாச்சுப்பா. உன்கூட உட்கார்ந்து பேசத்தான் நேரமில்லாமப் போச்சு." அப்பா இதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

உடனே சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒசாகாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, பெரிய செலவெல்லாம் அந்த அடித்த வரிகளில்தான் இருந்தது என்று! ஜப்பான் முழுவதும் ரயிலில் சுற்ற ஏழு நாள் பாஸ் ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் அதன் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். நாங்கள் கணக்குப் போட்டபோது ஒரு யென் சுமார் 58 பைசா. இரண்டு பாஸுக்கு 58,000 ரூபாய். ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பாஸ் தேவையே இல்லை. பாஸ் இல்லாமல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு அதிவேக ரயிலில் வந்தாலும் ஆளுக்கு ஒரு வழிக்கே சுமார் 14,000 யென் ஆகிவிடும்.

அடுத்தது தேதி. தசரா சமயத்தில் மைசூரில் லாட்ஜ் அறை கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிலும் அதே கதைதான். செர்ரிப் பூ பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான நாட்கள், புத்தாண்டு ஆகிய சமயங்களில் போனால் பர்ஸ் காலியாகிவிடும். பிப்ரவரியில் குளிர் அதிகம், கூட்டம் குறைவு. அதோடு மகளின் லீவையும் பார்த்தோம். பிப்ரவரி 11 அங்கே அரசு விடுமுறை. 2025ல் அது செவ்வாய்க்கிழமை. திங்கள் ஒரு நாள் லீவு போட்டால் சனி முதல் செவ்வாய் வரை அவள் எங்களோடு இருக்கலாம். வெள்ளி காலை போய் இறங்கி, புதன் காலை கிளம்புவதாக முடிவு செய்தோம். வார நாட்களில் போனால் டிக்கெட்டில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். ஆனால் பெண் ஆபீஸில் இருக்க, நாங்கள் இருவரும் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன பயன்?

நாங்கள் போனபோது பெங்களூரிலிருந்து டோக்கியோவுக்கு நேர் விமானம் உண்டு, ஒசாகாவுக்குக் கிடையாது. கோலாலம்பூரில் மாறிப் போனோம். மைசூரிலிருந்து விமான நிலையத்துக்கே நேராகச் செல்லும் 'ஃப்ளைபஸ்' இருப்பதால் டாக்சிச் செலவு இல்லை. மலிவு டிக்கெட் வாங்கும்போது பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்துக் கூட்டினால் சில சமயம் மலிவு டிக்கெட்டே விலை கூடியதாகிவிடும்.

விசாவுக்கு பெங்களூரில் உள்ள விண்ணப்ப மையத்தில் கொடுத்தோம். பாங்க் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன் எல்லாவற்றோடும், எந்த நாள் எந்த ஊரில் என்ன செய்வீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று தேதிவாரியாக ஒரு பட்டியலும் கேட்கிறார்கள். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். எங்கள் திட்டம் சரியானதே அந்தப் பட்டியலால்தான். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வருவதில்லை. மின் விசாதான். அதை விமான நிலையத்தில் செல்போன் திரையில் இணையத்தோடு காட்ட வேண்டும். தாளில் அச்செடுத்து வைத்திருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம், கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவின்மேல் 1994ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நன்காய் ரயிலில் சாதாரண எக்ஸ்பிரஸில் ஏறினால் ஆயிரம் யென்னுக்குள் நகருக்குள் வந்துவிடலாம். நாங்கள் நம்பாவுக்கு முந்தின ஸ்டேஷனான ஷின்-இமாமியா பக்கத்தில் அறை எடுத்தோம். பழைய பேட்டை, மலிவு, சுற்றிலும் ரயில் வசதி. அறை சின்னதுதான். பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. ஆனால் படு சுத்தம். ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் 'இக்கோகா' என்ற கார்டு வாங்கிக்கொண்டோம். தேய்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். நகரும் படியில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் நிற்பார்களாம், ஒசாகாக்காரர்கள் வலது பக்கம். பார்த்து நில்லுங்கள்.

நம்மவர்களுக்குப் பெரிய கவலை சாப்பாடு. நாங்கள் சைவம். முதல் நாள் மதியம், காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்று படத்தைக் காட்டி வாங்கிவிட்டேன். ஒரு வாய் வைத்ததும் என் மனைவி முகம் மாறிவிட்டது. அந்தச் சாறு மீனைக் காய்ச்சி எடுத்தது! 'தாஷி' என்று பெயர். அங்கே பல பண்டங்களுக்கு நம் புளித்தண்ணீர் மாதிரி அதுதான் அடிப்படை. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்காதது என் தப்பு. அன்று மாலையே மகள் ஒரு அட்டையில் "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு சாப்பிட மாட்டோம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தாள். அதைக் காட்டியே மீதி நாட்களை ஓட்டினோம். கடைகளில் விற்கும் சோற்று உருண்டையில் உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த வகை உண்டு. லேபிளைப் படித்துப் பார்த்து மகள் வாங்கித் தருவாள்.

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள். பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலைக் கொத்து எதுவும் சான்றிதழ் இல்லாமல் கொண்டு போகக் கூடாது. இறைச்சிப் பண்டங்களுக்கும் தடை. இன்னொன்று, நம் வீட்டு மின்சாரக் கெட்டிலை எடுத்துப் போகாதீர்கள். நமக்கு 230 வோல்ட், அங்கே 100 வோல்ட். வெந்நீர் கொதிக்க வெகு நேரமாகும். பிளக்கும் தட்டையான இரண்டு கால் உள்ளது. செல்போனுக்கு ஒரு அடாப்டர் போதும்.

வெள்ளிக்கிழமை, நடக்கும் தூரத்தில் உள்ள ஷிதென்னோஜி கோயில். 593ல் இளவரசர் ஷோதோக்கு தொடங்கியது என்கிறார்கள். திங்கள், ஒசாகா கோட்டை. ஹிதேயோஷி 1583ல் கட்டத் தொடங்கியது. இப்போதுள்ள கோபுரம் 1931ல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட் இருப்பதால் என் மனைவியின் முழங்கால் பிழைத்தது. ஏறிப் பார்க்காவிட்டாலும் குற்றமில்லை. சுற்றியுள்ள பூங்காவும் அகழியும் இலவசம்.

சனிக்கிழமை நாரா. நம்பாவிலிருந்து கின்தெத்சு ரயிலில் சுமார் 40 நிமிடம், எழுநூறு யென்னுக்குள். அங்கே தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கல புத்தர் இருக்கிறார். அந்தச் சிலைக்கு 752ல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற நம் நாட்டுத் துறவி. மதுரைக்காரர் என்று சொல்வதுண்டு. 736ல் ஜப்பான் வந்து, இன்றைய ஒசாகா இருக்கும் நானிவாவில் வரவேற்கப்பட்டவர். கண் திறந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களெல்லாம் அதைப் பற்றிக்கொண்டு நின்றார்களாம். போதிசேனர் ஊர் திரும்பவில்லை. 760ல் அங்கேயே காலமானார். மகள் இதைக் கேட்டுவிட்டுச் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்றும் பேசவில்லை.

ஞாயிறும் செவ்வாயும் கட்டம் காலி. விசாப் பட்டியலில் வெறும் 'ஒசாகா' என்று எழுதியிருந்தோம். ஞாயிறன்று அவள் தினம் போகும் வழியில் நடந்தோம். காய்கறி வாங்கும் கடை, துணி துவைக்கும் கடை, ஏறும் ஸ்டேஷன் எல்லாம் பார்த்தோம். செவ்வாயன்று அவள் அறையிலேயே சாதம் வைத்து, ரசம் வைத்து, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்பா, என்னை நிரந்தரமா எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. மார்ச்சுக்குள்ள பதில் சொல்லணும். போன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் பதில் சொல்லவில்லை. என் மனைவிதான், "உனக்கு இங்க பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு முதல்ல" என்றாள். அதன்பிறகு சாயந்திரம் வரை பேசினோம். கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடித்துத்தான் அறைக்குத் திரும்பினோம். அன்று நாங்கள் ஹிரோஷிமா ரயிலில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

இனி கணக்கு, இருவருக்கும் சேர்த்து. விமானம் 82,000 ரூபாய். அறை ஐந்து இரவுக்கு 45,000 யென், அதாவது சுமார் 26,000 ரூபாய். உள்ளூர் ரயில், பஸ் 7,000. சாப்பாடு 10,500. நுழைவுக் கட்டணம், சில்லறைச் செலவு 4,700. விசா, இன்ஷூரன்ஸ், ஃப்ளைபஸ் எல்லாம் 9,000. ஆக மொத்தம் 1,39,200 ரூபாய். விலைவாசி மாறும். நீங்கள் போகும்போது புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதி 10,800 ரூபாயை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். மகள் அங்கேயே இருப்பதாக முடிவு செய்துவிட்டாள். அந்தப் பணம் அடுத்த டிக்கெட்டுக்கு முதல் தவணை. இந்த முறையும் திட்டத்தை நான்தான் எழுதுகிறேன், ஆனால் சிவப்புப் பேனா என் மனைவியிடம் இருக்கிறது.