கடவுளும் நீதியும்

கடவுள் உண்டென்றால் அவர் நீதிமானாக இருக்கவேண்டும். நீதிமானாயின், தம் கண்ணெதிரே நடக்கும் அக்கிரமத்தை அவர் பொறுத்துக்கொண்டிருப்பானேன்? இக்கேள்வி நாஸ்திகர்கள் நேற்றுக் கற்பித்ததன்று. புதுச்சேரியின் சரித்திரமே அதைக் கேட்கிறது.

1748-ஆம் வருஷம் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாஸ்கவன் நகரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், பாதிரிமார்கள் நெடுநாளாக விரும்பியபடி, சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை டூப்ளேயின் துரைத்தனம் இடித்துத் தள்ளிற்று. துபாஷாகச் செல்வாக்கோடிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையாலும் அதைத் தடுக்க முடியவில்லை. தம் தினசரியில் எழுதி வைத்தார், அவ்வளவே.

பின்னர் 1754-ல் டூப்ளே பதவியிழந்து தாய்நாடு திரும்பினான். 1763-ல் வறுமையில் மாண்டான். 1761-ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். இவை தெய்வ தண்டனையே என்று நம்மவர் சொல்லக்கூடும். நாமும் ஆஸ்திகரே. எனினும் இச்சாட்சியத்தை எந்த நீதிஸ்தலமும் ஏற்காது. தண்டனை யார் தலையில் விழுந்தது? 1760-ல் உணவு தட்டுப்பட்டபோது, லாலி நகரத்து இந்தியர் பலரை வெளியே துரத்தினான். ஆங்கிலேயரும் அவர்களுக்கு வழிவிடவில்லை. இரு சேனைகளுக்கும் நடுவே பல நாள் பசியால் தவித்தவர்கள் கோயிலை இடித்தவர்களல்லர். கோயிலைப் பறிகொடுத்த ஜனங்கள்.

அது கிடக்கட்டும். தெய்வ நம்பிக்கை இல்லாவிடில் ஒழுக்கம் அழிந்துவிடும் என்ற கூச்சலையும் பார்ப்போம். அதே பாதிரிமார்களின் கோயிலுக்குள்ளே, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745-ல் அவர்கள் முறையிட்ட பிறகே அது நீங்கியது. அப்போதும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் பொருமினார்கள். நம் பக்கம் யோக்கியமோ? மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஹரிஜனங்கள் செல்ல 1939 வரை காத்திருக்க நேர்ந்தது. நம்பிக்கைக்குக் குறைவில்லை, நீதிக்குத்தான் குறைவு.

புதுவையில் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்த பாரதியார் சக்தி உபாசகர். அவருடைய சீடர் பாரதிதாசனோ மயிலம் சுப்பிரமணியர் மீது துதி பாடத் தொடங்கியவர். பிறகு சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்து கடவுளையே மறுத்தார். ஜாதியை ஒழிப்பதில் மட்டும் குருவும் சீடரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஆகவே நீதி நம்பிக்கையிலிருந்து பிறப்பதாகச் சொல்வதற்கில்லை. தேவர்கள் விரும்புவதால் ஒன்று நன்றாகிறதா, நன்றாயிருப்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா என்று பிளேட்டோவின் நூலில் ஸாக்ரடீஸ் கேட்டதும் இதையே. இரண்டாவதே சரியென்பது நம் அபிப்பிராயம். நம் கடவுளை நாம் நீதியைக் கொண்டே அளக்கிறோம்.

1910-ல் இங்கு வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தர், 1914-ல் தொடங்கிய 'ஆர்யா' பத்திரிகையில் வேறொரு வழி காட்டினார். உலகுக்கு வெளியே அமர்ந்து, தான் துன்புறாமல் பிறரைத் துன்புறுத்தும் கடவுளுக்காக வாதாட முடியாதென்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஜீவர்களாகித் துன்பத்தை அனுபவிப்பதும் பிரம்மமே என்பது அவர் சித்தாந்தம். சிருஷ்டி முடிந்துபோன காரியமன்று. மேன்மேலும் விரிந்து வருவது. மனிதனுடைய நன்மை தீமையும் அதில் ஒரு படி.

நாஸ்திகரின் கேள்விக்கு இதைவிட உயர்ந்த விடையை நாம் அறியோம். ஆயினும் 1760-ல் மதிலுக்கு வெளியே பசியோடு நின்றவர்களிடம் அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.