கித்தான் லாரியும் தகரக் குழாயும்

பாலைவனத்தில் ஒரு சேனை ஒளிய இடமேது? மரமில்லை, ஒரு லாரி ஓடினால் எழும் புழுதி பல மைல்களுக்கு அப்பால் தெரியும். 1942-ஆம் வருஷம் எகிப்தில், எல் அலமீனில், ஜெர்மானிய இத்தாலியப் படைகளைத் தாக்க ஆயத்தஞ்செய்த ஜெனரல் மாண்ட்கோமரிக்கு நேர்ந்த சங்கடம் இதுவே. வடக்கே கடல், தெற்கே டாங்கிகள் கடக்கவொண்ணாத கத்தாராப் பள்ளம். இடைப்பட்ட சுமார் 40 மைலில் தாக்குதல் எங்கே, எப்பொழுது என்பதைச் சத்துரு அறியலாகாது.

இவ்வேலை ஒரு சினிமாக்காரரை வந்தடைந்தது. ஜெப்ரி பார்க்காஸ் யுத்தத்திற்கு முன் படம் பிடித்தவர். அவருடைய சகா டோனி அயர்டன் சித்திரக்காரர். ஒளிக்க முடியாததை ஒளிக்க முயல்வது வீண் என்று இவர்கள் கண்டார்கள். வடக்கே லாரிகளைக் கூட்டங்கூட்டமாக வெளிப்படையாகவே நிறுத்தினார்கள். வேவு விமானங்களுக்கு அக்காட்சி பழகிப்போயிற்று. தாக்குதலுக்கு முந்திய இரவுகளில் டாங்கிகள் வந்து, லாரியைப்போல் செய்த கித்தான் கூடுகளுக்குள் புகுந்துகொண்டன. அத்தகைய கூடுகள் 722 தயாராயின. டாங்கிகள் விட்டுவந்த இடத்தில் விடிவதற்குள் பொய் டாங்கிகள் நின்றன.

தெற்கே தண்ணீர்க் குழாய் போடுவதாக ஒரு பாவனை. குழாய் என்பது காலிப் பெட்ரோல் தகரங்களின் வரிசை. பகலில் அது பள்ளத்தின் ஓரத்தில் கிடக்கும். இரவில் பள்ளம் மூடப்படும். அதே தகரங்கள் முன்னே சென்று மறுநாள் புதுக் குழாயாகும்! வேலையின் வேகத்தைக் கணக்கிட்டால் நவம்பருக்கு முன் முடியாதென்று தோன்றும். அப்படித் தோன்றவேண்டுமென்பதே உத்தேசம்.

முனாஸிப் என்னுமிடத்தில் செய்ததோ இன்னும் ரசமானது. அங்கே பொய்ப் பீரங்கிகளை வைத்து, பழுதுபார்க்காமல் விட்டார்கள். அவை பொய்யென்று எதிரி கண்டுகொள்ளட்டும் என்றே விட்டார்கள். பிறகு இரவோடிரவாக அங்கே மெய்ப் பீரங்கிகள் வந்து சேர்ந்தன.

இதிலெல்லாம் ஜாஸ்பர் மாஸ்கலின் என்ற செப்பிடுவித்தைக்காரரின் பெயரைச் சேர்த்துப் பல கதைகள் உலவுகின்றன. ஆராய்ந்தவர்கள் அவர் பங்கு சொற்பமென்றே சொல்லுகிறார்கள்.

அக்டோபர் 23 இரவு தாக்குதல் வடக்கே துவங்கியது. ரோம்மெல் அப்பொழுது சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றிருந்தார். ஜெர்மானியரின் 21-வது கவச டிவிஷன் முதல் சில நாட்கள் தெற்கிலேயே நின்றுவிட்டது. சர்ச்சில் நவம்பரில் காமன்ஸ் சபையில் இத்தந்திரத்தைப் புகழ்ந்தார்.

ஆனால் கித்தானே வெற்றி தந்ததென்பது மிகை. கண்ணிவெடி வயல்களைக் காலாட்படைதான் கடந்தது. போர் நவம்பர் 4 வரை நீடித்தது. 4-வது இந்திய டிவிஷனும் இருந்த அச்சேனையில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் சுமார் 13,500 பேர்.