மனநோய்க்கு எந்த மருத்துவம்?

காய்ச்சல் கண்டவர் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை. மனத்துயருக்கும் அப்படித்தான்; காரணத்திற்கு ஏற்ற முறை வேண்டும்.

செய்முறைத் தேர்வில் கருவியைத் தொடவே கை நடுங்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். 'தைரியமாக இரு' என்னும் அறிவுரையால் அவர்களுக்குப் பயனில்லை. இத்தகைய அச்சத்திற்கு நடத்தை மருத்துவம் ஏற்றது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இதற்கு வழிகாட்டினார். முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குத் தின்பண்டம் கொடுத்தபடியே, முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டு வந்தார். முடிவில் சிறுவன் அதைத் தடவிக் கொடுத்தான்!

'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஒருவரை வாட்டுகிறதா? 1960களில் ஆரன் பெக் வகுத்த முறை உதவும். அந்த எண்ணத்தை எழுதி, அதற்குச் சான்று உண்டா, எதிர்ச்சான்று உண்டா என ஆராய வேண்டும். ஆய்வகத்தில் கருதுகோளைச் சோதிப்பது போன்றதே இது. வீட்டில் ஓயாத பூசல் என்றால், குடும்பத்தாரைச் சேர்த்து அமர்த்திப் பேசும் ஆலோசனை பொருந்தும்.

உறக்கமும் உணவும் பல நாள் கெட்டால், இல்லாத குரல் காதில் கேட்டால், மனநல மருத்துவரை நாடுங்கள், மருந்தும் தேவைப்படலாம். சாகும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022இல் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

ஆலோசகரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த முறை? எத்தனை வாரம்? குணமாவதை எப்படி அறிவது? விடை சொல்பவரே தக்கவர்.