நிராகரித்தால் கதை முடிந்துவிடாது: வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை

திருப்பூர் பனியன் கம்பெனியோ, ஒரகடம் உதிரிபாகத் தொழிற்சாலையோ, ஆர்டர் குறைந்ததும் ஆட்குறைப்பு தொடங்கிவிடும். கடைசி நாளில் ‘செட்டில்மென்ட்’ பணத்தோடு ஒரு தாளையும் நீட்டுவார்கள்: “சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.” கையில் காசு வந்தால் போதும் என்று பலரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு இழப்பீடோ உதவித்தொகையோ கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் குறுக்கே நிற்கும்.

எனவே, நிர்வாகம் அனுப்பினால் நிர்வாகம் அனுப்பியதாகவே ஆவணத்தில் இருக்க வேண்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பள இழப்பீடும் சட்டப்படி உண்டு. தானாக விலகியதாக எழுதிக் கொடுத்தவர் இதைக் கேட்பது கடினம். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு இரண்டு திட்டங்கள் உள்ளன.

முதலாவது, 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சராசரி தினக் கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். இரண்டு ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வேலை பார்த்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போன்ற ஆறு மாதத்தில்) 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் பங்களிப்பு இருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழிந்த பிறகு விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்தோ விருப்பப்பட்டோ ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது.

மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுச் சம்பளம் 3,60,000 ரூபாய். அதை 730 நாளால் வகுத்தால் தினக் கூலி சுமார் 493 ரூபாய். அதில் பாதி வீதம் 90 நாளுக்குச் சுமார் 22,000 ரூபாய் வரும். இத்திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. இப்போது நடப்பில் உள்ளதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலை இழந்தவருக்கு 24 மாதம் வரை உதவி கிடைக்கும். முதல் 12 மாதம் கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். ஆட்குறைப்புக் கடிதத்தின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

மருத்துவமும் உடனே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. ஆகஸ்டில் வேலை போனவர், அந்தக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், மறு ஆண்டு ஜூன் வரை இ.எஸ்.ஐ. மருத்துவம் கேட்கலாம்.

ஏன் நிராகரிக்கிறார்கள்?

ஆதாரில் ஒரு பெயர், இ.எஸ்.ஐ. பதிவில் ஒரு பெயர். இனிஷியல் முன்னே பின்னே மாறியிருக்கும். வங்கிக் கணக்கு பொருந்தாது. 30 நாள் முடியும் முன்பே விண்ணப்பித்திருப்பார்கள். இவற்றைத் திருத்திவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். சிக்கலானது வேறொன்று: சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி கட்டாமல் விட்டிருப்பது, அல்லது வேலை நின்ற காரணத்தை மாதாந்திரப் பங்களிப்புக் கணக்கில் தவறாகப் பதிந்திருப்பது. பிடித்தத்துக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் சாட்சி. அவற்றின் நகலோடு கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தாமே இணையத்தில் பதியலாம். ஐந்து ஆண்டு முடித்தவர் பணிக்கொடையையும் கேட்க மறக்க வேண்டாம்.

சம்பளம் நின்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானமும் குறையும். முன்பு வருமான வரம்பால் தள்ளப்பட்டவர்கள், இ-சேவை மையத்தில் புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து மீண்டும் முயலலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்.

எங்கே முறையிடுவது?

“சிஸ்டத்தில் வரல” என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உரிமையே மறுக்கப்பட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை: பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கட்டணமில்லா எண் 15100.

கமிஷனுக்கு முடித்துத் தருவதாக வரும் இடைத்தரகரிடம் ஓ.டி.பி.யும் கடவுச்சொல்லும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். புது வேலை கிடைத்ததை மறைத்து உதவித்தொகை வாங்கவும் கூடாது. திருப்பிக் கட்ட வேண்டிவரும், வழக்கும் வரலாம்.

நாளைக்கே வேலை போகப்போவதில்லை என்றாலும் இன்றைக்கே ஒன்று செய்யலாம்: இ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்குகளைத் திறந்து, போன மாதப் பிடித்தம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.