கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை (சென்னை)

கட்டட இடிபாட்டுக் கழிவு என்பது கட்டடங்களைக் கட்டும்போதும், பழுதுபார்க்கும்போதும், இடிக்கும்போதும் மிஞ்சும் கான்கிரீட், செங்கல், காரை, மண், இரும்பு, மரம் முதலியவற்றைக் குறிக்கும். சென்னைப் பேச்சுவழக்கில் இது 'ரப்பிஸ்' எனப்படுகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பழைய தனி வீடுகளும் சிறிய அடுக்ககங்களும் இடிக்கப்பட்டு உயரமான கட்டடங்கள் எழுவதால் இக்கழிவு மிகுதியாகச் சேர்கிறது. இதை முறையாகக் கையாள்வது நீர்நிலைகளைக் காப்பதோடு கார்பன் உமிழ்வைக் குறைக்கவும் உதவுகிறது.

பழைய வீடும் புதிய வீடும்

மயிலாப்பூரின் பழைய வீடுகள் பலவற்றில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை இருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் ஜல்லியும் இட்டு, தட்டோடு பதிப்பது இதன் முறை. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. ஆகவே இடிக்கும்போது செங்கல் முழுதாகக் கிடைக்கும். உத்தரம், கதவு, சன்னல், தூண் ஆகியவை மறுவிற்பனைக்குப் போகும். இதனால் இடிக்கும் ஒப்பந்தக்காரரே வீட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுப்பது வழக்கம்.

கான்கிரீட் கட்டடத்தில் இந்த வசதி குறைவு. கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எஞ்சிய கட்டிகளை வாங்குவோர் அரிது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அடிப்படைத் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் கூடுதல் பரப்பு கட்டலாம் என்பதால், நல்ல நிலையிலுள்ள கட்டடத்தையும் இடிப்பது ஆதாயமாகிறது.

கார்பன் கணக்கு

உலகின் கார்பன் டைஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. சூளையில் எரியும் எரிபொருள் மட்டும் இதற்குக் காரணமன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வாயு வெளியேறுகிறது. 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல் முழுவதும் சிதைந்தால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு பிரியும்.

ஓர் எடுத்துக்காட்டு: 1,000 சதுர அடி பரப்பும் 5 அங்குல கனமும் உள்ள தளத்திற்கு ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். அதில் சுமார் 4 டன் சிமெண்ட், அதாவது 80 மூட்டை, சேரும். ஒரு டன் சிமெண்டுக்கு 0.6 முதல் 0.9 டன் வரை உமிழ்வு எனக் கொண்டால், அந்தத் தளத்தின் சிமெண்ட் மட்டுமே 2.4 முதல் 3.6 டன் வரை கார்பன் டைஆக்சைடை வெளியிட்டிருக்கும். தளத்தை இடித்தால் 28 டன் அளவுக்குக் கழிவு சேரும். பத்து டன் ஏற்றும் லாரிக்கு மூன்று நடை.

இந்தக் கழிவை உடைத்தால் ஜல்லியும் மணலும் கிடைக்கும். சிமெண்ட் திரும்பக் கிடைக்காது. எனவே மறுசுழற்சியால் மிச்சமாவது பெரும்பாலும் கல் குவாரியில் வெடிவைத்தல், அரைத்தல், லாரிப் போக்குவரத்து ஆகியவற்றின் உமிழ்வே. நகருக்குள்ளேயே கழிவைப் பதப்படுத்தி அருகிலேயே பயன்படுத்தினால் இந்த மிச்சம் கூடும். வெகுதூரம் ஏற்றிச் சென்றால் குறையும். இரும்பின் நிலை வேறு. பழைய கம்பியை மின் உலையில் உருக்கிப் புதிய எஃகு செய்வதற்கு, இரும்புத் தாதுவிலிருந்து செய்வதைவிட மிகக் குறைந்த உமிழ்வே ஆகிறது.

விதிகளும் ஆலைகளும்

மத்திய அரசு 2016 மார்ச்சில் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர், கான்கிரீட், மண், இரும்பு, மரம் மற்றும் பிளாஸ்டிக், செங்கல் மற்றும் காரை என அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. இந்தியாவின் முதல் மறுசுழற்சி ஆலை 2009இல் தில்லி புராரியில் தொடங்கப்பட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் ஆலைகள் அமைந்துள்ளன. கழிவு குறித்த புகார்களை 1913 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383:2016, கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைச் சாதாரண கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம்25 தரம் வரையுள்ள கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்க அனுமதிக்கிறது. பழைய காரை ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி அதிக நீரை உறிஞ்சும். கலவை போடுமுன் நனைத்துக்கொள்வது நல்லது.

கொட்டப்படும் இடங்கள்

பிரிக்காத கழிவு ஆற்றங்கரையிலும் சதுப்பு நிலத்திலும் கொட்டப்படும்போது வெள்ளநீர் வடியும் வழி அடைபடுகிறது. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய சிற்றோடைப் பகுதி நெடுங்காலம் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டும் இடமாக இருந்தது. அதைச் சீரமைத்து உருவாக்கிய 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

முன்னுரிமை வரிசை

உமிழ்வைக் குறைக்கும் நோக்கில் பின்வரும் வரிசை பொருத்தமானது:

1. உறுதியான கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்து வலுப்படுத்துதல்.
2. இடிக்க நேர்ந்தால் கதவு, மரம், செங்கல், ஓடு ஆகியவற்றை முழுதாகக் கழற்றி மீண்டும் பயன்படுத்துதல்.
3. எஞ்சியதை மனையிலேயே வகை பிரித்து ஆலைக்கு அனுப்புதல்.
4. மறுசுழற்சி ஜல்லியை நடைபாதைக் கல், சாலை அடித்தளம் போன்ற பணிகளில் பயன்படுத்துதல்.

முதல் இரண்டுமே புதிய சிமெண்ட், செங்கல் ஆகியவற்றின் தேவையை நேரடியாகக் குறைப்பவை. ஆலை எவ்வளவு திறமையாக இயங்கினாலும், ஒரு கட்டடம் கூடுதலாக முப்பது ஆண்டு நிற்பதால் மிச்சமாகும் கார்பனுக்கு அது ஈடாகாது.