பல்லால் இழுத்த ஈய இழை... பனி தேசத்து நகைக்கலை!

ரசத்துக்கு வாசம் கூட்டும் ஈயச் சொம்பு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அந்த வெள்ளீயத்தை நூலாக இழுத்து நகை செய்கிறார்கள், ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் 'சாமி' இனப் பூர்வகுடிகள். (நம்ம ஊர் சாமிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை!) நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளில் பரவியிருக்கும் இவர்களில் பலருக்குப் பனிமான் மேய்ப்புதான் பரம்பரைத் தொழில்.

பனிமான் கொம்பில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள் போடுவார்கள். ஈயக் குச்சியின் நுனியைத் துளையில் நுழைத்து, மறுபக்கம் பல்லால் கடித்து இழுப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் கம்பி இன்னும் மெலியும். பெண்கள் இப்படிக் கம்பி இழுப்பதை, உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெஃபெரஸ் 1673-ல் வெளியான 'லப்போனியா' நூலில் பதிவு செய்திருக்கிறார். படிக்கும்போதே நமக்குப் பல் கூசுகிறது!

வெறும் ஈயக் கம்பியைத் துணியில் தைத்தால் ஒடிந்துவிடும். அதனால், பனிமானின் தசைநாரில் முறுக்கிய நூல்மீது அதை நெருக்கமாகச் சுற்றினார்கள். வெள்ளிச் சரிகைபோல மின்னும் அந்த இழைதான் சட்டைக் கழுத்துப்பட்டியிலும் இடுப்புப் பட்டையிலும் ஏறியது.

19-ம் நூற்றாண்டில் இந்தக் கலை கிட்டத்தட்ட அழிந்தேபோனது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர், ஸ்வீடனைச் சேர்ந்த சாமி கைவினைஞர் ஆண்ட்ரியாஸ் வில்க்ஸ். இன்று உலகெங்கும் விற்கிற, பின்னலிட்ட ஈய இழையைத் தோலில் தைத்த கைவளைகள் அந்த மரபில் வந்தவைதான். இப்போதைய இழையில் சுமார் 4 சதவிகிதம் வெள்ளி சேர்க்கிறார்கள்.

நகரத்திலும் இந்த உலோகத்துக்கு மவுசு வந்தது. 1924-ல் ஸ்டாக்ஹோமில், அப்பா விட்டுச்சென்ற பணத்தைப் போட்டு எஸ்ட்ரிட் எரிக்சன் என்ற ஓவிய ஆசிரியை தொடங்கிய கடையின் பெயரே 'ஸ்வென்ஸ்க்ட் டென்'. 'ஸ்வீடன் நாட்டு ஈயம்' என்று அர்த்தம். கடை இன்றும் இருக்கிறது.

ஆன்லைனில் இந்தக் கைவளையைத் தேடினால் போலிகளும் வரும். 'சாமி துவோட்ஜி' என்ற கைவினை முத்திரை இருக்கிறதா, பொத்தான் பிளாஸ்டிக்கா, நிஜ மான்கொம்பா என்று பாருங்கள். பழைய நகை என்றால் இழை எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

வாங்கிய பிறகு அடிக்கடி வளைக்காதீர்கள், தண்ணீரில் ஊறவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காலி ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துத் திட்டு வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்!